குற்றவாளி ஃபயர்வால்தானா?

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில், 1977 மார்ச் 10-11 இரவில் ஒரு புதிர் தோன்றியது. யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னே கடந்து செல்லவிருந்தது. ஆனால் கோள் நெருங்கி வரும்போதே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கிவிட்டது! அதைப் பதிவு செய்த பட்டாச்சார்யா, குப்புசாமி ஆகிய இருவரும் யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என்று கருதினார்கள்.

அதே வேளையில் அமெரிக்க அறிவியலார் இந்தியப் பெருங்கடலுக்கு மேல், தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் பறந்துகொண்டிருந்தனர். கோளுக்கு முன்னால் 5 முறை ஒளி மங்கியது. கோள் கடந்த பின்னும் அதே இடைவெளிகளில் மங்கியது. துணைக்கோள் இப்படி இருபுறமும் மறைக்குமா? மறைக்காது. வளையங்களே மறைக்கும்! யுரேனஸின் வளையங்கள் இவ்வாறுதான் கண்டறியப்பட்டன.

மாணவ நண்பர்களே, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் காரணத்தை முடிவு செய்ய முடியாது என்பதை இது காட்டுகிறது அல்லவா? உங்கள் பள்ளிக் கணிப்பொறிக்கும் இவ்விதி பொருந்தும். புதிய ஃபயர்வால் ஒன்றை நிறுவுகிறீர்கள். மறுநாள் நீலத்திரை தோன்றிக் கணிப்பொறி நின்றுவிடுகிறது. "ஃபயர்வால்தான் காரணம்" என்கிறான் நண்பன். உண்மையா?

ஏன் முழுவதும் நிற்கிறது?

வீட்டில் ஒரு பல்பு பழுதானால் அந்த அறை மட்டும் இருளும். மெயின் சுவிட்சுப் பெட்டி பழுதானால் வீடே இருளும். கணிப்பொறியிலும் படம் வரையும் மென்பொருள் ஒன்று தவறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். ஆனால் இயக்க அமைப்பின் நடுப்பகுதியான கெர்னல்தான் மெயின் பெட்டி. வலையிலிருந்து வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் சோதிக்க வேண்டியிருப்பதால், பல ஃபயர்வால்கள் தம் டிரைவர் என்னும் பகுதியைக் கெர்னலுக்குள்ளேயே அமர்த்துகின்றன. அங்கே பிழை நேர்ந்தால், கோப்புகள் கெடாமலிருக்க இயக்க அமைப்பு தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. ஆகவே நண்பனின் ஐயம் நியாயமானதே. ஆனால் ஐயம் வேறு, சான்று வேறு.

உலகமே கண்ட சோதனை

2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச் சீட்டுகள் தரப்பட்டன. அதற்குச் சற்று முன்பு மைக்ரோசாப்ட்டின் அமெரிக்கச் சேவை ஒன்றிலும் தடங்கல் இருந்தது. எனவே பலர் இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டனர். உண்மைக் காரணம் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் காவல் மென்பொருள். அது ஃபயர்வால் அன்று. ஆனால் அதுவும் கெர்னலில் அமர்வதே. அன்று வந்த புதிய கோப்பினால், 20 தகவல்களே தரப்பட்ட இடத்தில் அது 21-ஆவதைப் படிக்க முயன்றது.

சான்று எப்படிக் கிடைத்தது? இந்திய நேரம் காலை 9.39 முதல் 10.57 வரை அக்கோப்பைப் பெற்ற விண்டோஸ் கணிப்பொறிகளே விழுந்தன. அப்போது அணைந்திருந்தவை தப்பின. கோப்பை நீக்கியதும் விழுந்தவை எழுந்தன. இருபுறமும் பொருந்திவிட்டது!

நீங்களும் செய்யலாம்

ஆசிரியரின் துணையோடு கீழ்க்கண்டவாறு ஆராயுங்கள்.

1. நின்ற நேரம், அப்போது செய்த வேலை, திரையில் கண்ட பிழைக் குறி ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். திரையில் ஒரு டிரைவரின் பெயர் வந்தால், அதுவே குற்றவாளி என்று கொள்ளாதீர்கள். பழுதான நினைவகச் சில்லு, நல்ல டிரைவரையும் விழச் செய்யும்.

2. இன்றியமையாத டிரைவர்கள் மட்டும் இயங்கும் சேஃப் மோடில் இயக்குங்கள். அங்கும் நின்றால் நினைவகம், வெப்பம், மின்னழுத்த ஏற்ற இறக்கம் ஆகியவற்றைச் சோதியுங்கள்.

3. ஃபயர்வாலை முழுவதும் நீக்குங்கள். அணைத்து வைத்தால் மட்டும் போதாது; டிரைவர் உள்ளேயே இருக்கக்கூடும். விண்டோஸின் சொந்த ஃபயர்வால் இயங்கட்டும். காவலின்றி வலையில் இணையாதீர்கள். இந்நேரத்தில் வேறெதையும் மாற்றாதீர்கள்.

4. போதிய காலம் காத்திருங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை நின்ற கணிப்பொறி, ஒரு நாள் நிற்காததால் என்ன தெரியும்? இரண்டு வாரமாவது பாருங்கள்.

5. மீண்டும் அதே ஃபயர்வாலை நிறுவுங்கள். கோளாறு திரும்பினால் ஐயம் உறுதியாகும். அப்போது புதிய பதிப்பைத் தேடுங்கள். இரண்டு காவல் மென்பொருள்கள் மோதுகின்றனவா என்றும் பாருங்கள்.

ஐந்தாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீக்கியபோது நின்றதும், சேர்த்தபோது வந்ததும் சேர்ந்தால்தான் சான்று. கோளின் மறுபுறத்தையும் பார்த்தவர்களுக்கே வளையம் புலப்பட்டது அல்லவா?