நொண்டும் கோழிக்கு முதலுதவி

காலையில் கூட்டைத் திறந்ததும் எல்லாக் கோழிகளும் குப்பைமேட்டை நோக்கி ஓடுகின்றன. ஒன்று மட்டும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பின்தங்கி நிற்கிறது. கிராமத்து வீடுகளில் இது அடிக்கடி காணும் காட்சிதான். பெரும்பாலும், "இனி இது தேறாது" என்று சொல்லி, அன்றைக்கே அதைக் குழம்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் நொண்டும் கோழிகளில் பலவற்றை எளிய கவனிப்பாலேயே காப்பாற்றிவிடலாம். முட்டையிடும் கோழி ஒன்றை இழப்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய நட்டமன்று. எனவே கோழியின் காலைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வோமா?

முழங்கால் எங்கே?

கோழியின் கால் பின்பக்கமாக மடிவதைப் பார்த்திருப்பீர்கள். "கோழிக்கு முழங்கால் தலைகீழாக இருக்கிறதே!" என்று வியந்தும் இருப்பீர்கள். உண்மையில் அது முழங்கால் அன்று, கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. செதில்கள் மூடிய மெல்லிய தண்டுப் பகுதி, நம் பாத எலும்புகளுக்கு ஒப்பானது. அதாவது, கோழி எப்போதும் விரல்களை ஊன்றியே நடக்கிறது. உடலின் எடை முழுவதும் விரல்களின் மீதும், அவை கூடுமிடத்திலுள்ள சிறு மெத்தை போன்ற சதையின் மீதும் விழுகிறது. அங்கே காயம் பட்டால் கோழி நொண்டுவதில் வியப்பில்லை.

விரல்களை மடக்கும் தசைகள் மேலே தொடைப் பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுகள்போல இறங்கி விரல்களை அடைகின்றன. கறிக்கடையில் வெட்டிய கோழிக்கால் கிடைத்தால், வெட்டுவாயில் தெரியும் வெண்ணிற நாணைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும்! சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

பிடிப்பது எப்படி?

நொண்டும் கோழியைத் துரத்திப் பிடித்தால் காயம் மோசமாகும். இருட்டில் கோழிக்குப் பார்வை குறைவு. ஆகவே பொழுது சாய்ந்து அடைந்த பின், மெதுவாகத் தூக்கிக்கொள்ளலாம். கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது. மார்பை இறுக்கிப் பிடிப்பதும் ஆபத்து. நமக்கு இருப்பதுபோன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை. மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் அதனால் மூச்சுவிட முடியும். துணியில் தளர்வாகச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வீக்கம்? எங்கே சூடு? எந்த விரல் வளைந்திருக்கிறது?

நூல் சுற்றிய கால்

குப்பையைக் கிளறும்போது நூல், தலைமுடி, நைலான் இழை ஆகியவை காலில் சுற்றிக்கொள்ளும். நடக்க நடக்க அவை இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விரல் முதலில் வீங்கும். பின்னர் கறுத்துச் செத்துவிடும். காலை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் ஊறவையுங்கள். பிறகு பெரியவர் ஒருவர் சிறு கத்தரிக்கோலால் இழையை வெட்டி எடுக்கட்டும். செதில்களுக்கு இடையே ஓர் இழைகூட மிஞ்சக் கூடாது.

உள்ளங்காலில் புண்

முள் குத்தியதாலோ, உயரமான மதிலிலிருந்து கட்டாந்தரையில் குதித்ததாலோ உள்ளங்காலில் சிறு காயம் ஏற்படலாம். அதன் வழியே நுண்கிருமிகள் நுழைகின்றன. அவற்றுள் முக்கியமானது 'ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்'. நுண்பெருக்கியில் திராட்சைக் கொத்துப்போலத் தெரியும் பாக்டீரியா இது. சில நாட்களில் பாதம் உருண்டு வீங்கி, நடுவில் கறுத்த பொருக்கு தோன்றும்.

இதைப் பிதுக்கினால் சீழ் வராது. ஏன் தெரியுமா? நம் சீழ் நீர்த்திருப்பதற்குக் காரணமான சில நொதிகள் கோழியின் வெள்ளணுக்களில் இல்லை. அதனால் அதன் சீழ் பாலாடைக்கட்டிபோல் கெட்டியாக இருக்கிறது. பிதுக்கினால் கிருமிகள் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். புண் புதியதாயின், உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் பாதத்தை ஊறவைத்துத் துடைத்து, போவிடோன் அயோடின் தடவி, சுத்தமான பஞ்சு வைத்துக் கட்டுங்கள். தினமும் கட்டை மாற்றுங்கள். கெட்டியான கட்டி இருந்தால் கால்நடை மருத்துவர்தான் அதைத் திறந்து எடுக்க வேண்டும்.

எலும்பு முறிந்தால்

செதில் மூடிய தண்டு முறிந்து, தோல் கிழியாமல் இருந்தால், முதலில் பஞ்சைச் சுற்றுங்கள். அதன்மேல் மெல்லிய மூங்கில் சிம்புகளை இருபுறமும் வைத்துத் துணியால் கட்டி, மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டு இறுகியிருக்கிறதா என்பதை விரல்கள் சொல்லிவிடும். அவை வீங்கினாலோ சில்லிட்டாலோ உடனே தளர்த்துங்கள். நன்றாகப் பொருந்திய எலும்பு ஏறக்குறைய மூன்று வாரங்களில் கூடிவிடும். தொடை எலும்பு முறிந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும் நாமாக எதுவும் செய்யக் கூடாது.

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தீனியில் அது போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓட்டை உருவாக்குகிறது. எலும்பு பலவீனமாவதற்கு இது ஒரு காரணம். கிளிஞ்சல் தூள் கொடுத்து வந்தால் இக்குறை நீங்கும்.

காயமா, நோயா?

புண்ணோ வீக்கமோ இல்லாமல், ஒரு கால் முன்னும் மற்றது பின்னும் நீண்டு கோழி படுத்துவிட்டால் அது காயமாக இராது. 1907-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டு மருத்துவர் யோசெஃப் மாரெக் விவரித்த வைரஸ் நோயாக இருக்கலாம். அவர் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது. வெள்ளைக்கழிச்சல் நோயிலும் கால்கள் வாதப்படுவதுண்டு. இரண்டும் மற்றக் கோழிகளுக்குப் பரவக்கூடியவை. உடனே தனியே பிரித்து, கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

குணமாகும்வரை

இரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும். ஆகவே வைக்கோல் பரப்பி, பஞ்சாரத்தால் மூடி, தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் வையுங்கள். நாம் விழுங்கும் வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். மருத்துவர் மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து முட்டையிலும் சேரும்.

கால் குணமாகிவிட்டதை எப்படி அறிவது? கோழி குப்பையைக் கிளறுவதைக் கவனியுங்கள். ஒரு காலால் கிளறும்போது உடல் எடை முழுவதையும் மறுகால் தாங்க வேண்டும் அல்லவா? இரண்டு கால்களாலும் மாறி மாறிக் கிளறத் தொடங்கினால் பஞ்சாரத்தைத் தூக்கிவிடலாம்.