கிரெஸ்ஸி போன கால்வாய்கள்

1939 ஜூலை 27 அன்று இங்கிலாந்தின் பான்பரி நகரிலிருந்து கிரெஸ்ஸி என்ற மரப்படகு கிளம்பியது. அதில் இருந்தவர்கள் டாம் ரோல்ட், ஏஞ்செலா தம்பதி. அந்த மாதம்தான் அவர்களுக்குத் திருமணமாகியிருந்தது. குதிரை இழுப்பதற்கென்று செய்த பழைய சரக்குப் படகு அது. அதில் ஃபோர்டு ‘மாடல் டி’ காரின் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. சரக்கு ஏற்றும் இடத்தை அறைகளாகத் தடுத்து, வீடாக்கிக் கொண்டார்கள். உல்லாசப் பயணம் போய்வரும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. தண்ணீரிலேயே குடித்தனம் நடத்துவது என்று முடிவு செய்திருந்தார்கள். மத்திய இங்கிலாந்தின் கால்வாய்களிலும் ஆறுகளிலுமாகச் சுமார் 400 மைல் போனார்கள். கிளம்பி ஆறு வாரம் ஆவதற்குள் உலகப் போர் தொடங்கிவிட்டது.

அந்தப் பயணத்தைப் பற்றி ரோல்ட் எழுதிய ‘நேரோ போட்’ 1944 டிசம்பரில் வெளிவந்தது. இங்கிலாந்தின் கால்வாய்கள் இன்று உயிரோடு இருப்பதற்கு எந்த ஒரு புத்தகத்தையாவது காரணம் சொல்லலாம் என்றால், இதைத்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் கிளம்பிய இடம் டூலி குடும்பத்தாரின் படகுப் பட்டறை. அங்கே தண்ணீரை வடித்துவிட்டுப் படகின் அடிப்பாகத்தைச் செப்பனிடும் உலர்துறை 1790-லிருந்து இருக்கிறது. மரப்படகுகளின் பலகை இடுக்குகளில் நார் திணித்துத் தார் பூசும் வேலை அங்கே ஓயாமல் நடந்தது. பட்டறை இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் சுற்றிலும் காஸில் கீ என்ற வணிக வளாகம் எழும்பிவிட்டது. பக்கத்தில் அருங்காட்சியகமும் வந்துவிட்டது. துணிக்கடைக்கு வருகிறவர்கள் பையோடு நின்று கொல்லுலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இடிக்காமல் விட்டார்களே என்பதில் எனக்கு உண்மையான ஆறுதல் உண்டு.

இந்தக் கால்வாய்களில் ஓடும் படகுகளின் உருவம் விசித்திரமானது. நீளம் 70 அடி வரை போகும், அகலமோ 7 அடிக்குள் அடங்கிவிடும். 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்ற பொறியாளர்கள் செலவையும் தண்ணீரையும் மிச்சப்படுத்த, படகை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் உதவும் லாக்குகளைக் குறுகலாகக் கட்டினார்கள். அன்று போட்ட அளவுக்கு இன்றைய படகும் அடங்கித்தான் ஆக வேண்டும். கிரெஸ்ஸியின் மரம் போய் இரும்புத் தகடு வந்துவிட்டது. கார் எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்துவிட்டது. கூரையில் சூரியத் தகடு, உள்ளே துணி துவைக்கும் இயந்திரம், கையில் அடுத்த குடிநீர்க் குழாய் எத்தனை மைல் என்று காட்டும் கைபேசி. ஆனால் ஏழடி அகலம் மட்டும் அப்படியே இருக்கிறது.

லாக்கைக் கடக்கும் முறையும் மாறவில்லை. மேட்டுக்குப் போகும் படகு இரு சுவர்களுக்கிடையே உள்ள தொட்டிக்குள் நுழைகிறது, பின்னால் கதவு மூடப்படுகிறது. ஒருவர் வின்ட்லஸ் என்ற இரும்புக் கைப்பிடியோடு கரையில் ஏறி, பல்சக்கரத்தின் அச்சில் அதைச் செருகிச் சுற்றுகிறார். தண்ணீருக்கடியில் ஒரு பலகை எழுந்து வழி விட, மேல்கால்வாயின் நீர் உள்ளே பாய்கிறது. படகு சுவரோடு உராயாமலும் கதவில் மோதாமலும் எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது மற்றவர் வேலை. இரு பக்கமும் மட்டம் சமமாகாத வரை எவ்வளவு தள்ளினாலும் கதவு அசையாது. சமமானதும் கதவின் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்துக் காலை ஊன்றித் தள்ளினால், டன் கணக்கில் எடையுள்ள கதவு மெல்லத் திறந்துகொள்ளும். வூஸ்டர்–பர்மிங்ஹாம் கால்வாயின் டார்டெபிக் ஏற்றத்தில் இப்படி 30 லாக்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஓய்வுபெற்றபின் வீட்டை விற்றுப் படகு வாங்கிய இன்றைய தம்பதியும் அவற்றை ஒவ்வொன்றாகத்தான் கடக்கிறார்கள். கிரெஸ்ஸி மணிக்கு மூன்று மைல் போயிருந்தால் அதிகம், இன்றைய உச்சவரம்பு நான்கு மைல். ரோல்ட் தம்பதியின் 400 மைலைப் புதுப் படகில் போனாலும் நாட்கணக்கில் பெரிதாக எதுவும் குறையாது.

மாறியது அந்தத் தண்ணீரில் எதிரே வருகிறவர்கள். 1939-ல் எதிரே வந்தவை பெரும்பாலும் நிலக்கரிப் படகுகள். எஞ்சின் உள்ள படகைக் கணவன் ஓட்ட, அது இழுத்துவரும் இரண்டாவது படகின் சுக்கானைப் பல சமயம் மனைவிதான் பிடித்திருப்பாள். படகின் பின்கோடியில் பத்தடி நீளத்துக்கும் ஏழடி அகலத்துக்கும் உட்பட்ட ஓர் அறைதான் மொத்தக் குடும்பத்துக்கும் வீடு. நுழைந்ததும் கரி அடுப்பு, மடக்கினால் மேசையாகும் அலமாரிக் கதவு, சுவரில் விளிம்பு வேலை செய்த தட்டுகளும் சரிகைத் துணியும், தண்ணீர்க் குடத்திலும் கதவிலும் ரோஜாவும் கோட்டையுமாகத் தீட்டிய ஓவியங்கள். ஆக்ஸ்போர்டு கால்வாயில் சொந்தப் படகு வைத்திருந்தவர்களை ‘நம்பர் ஒன்’ என்பார்கள். அவர்களில் ஜோ ஸ்கின்னர், ரோஸ் தம்பதி 1950-களின் கடைசி வரை கோவேறு கழுதையைக் கட்டி இழுத்தே நிலக்கரி கொண்டுபோனார்கள். அவர்களுடைய ‘ஃபிரண்ட்ஷிப்’ படகு இப்போது எல்ஸ்மியர் போர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படகுக் குடும்பங்களின் அந்த அறையை அழகு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் பிள்ளைகள் பிறந்தார்கள், நோயில் கிடந்தார்கள். கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் போராடிய பிறகே 1877-ல் படகுக் குடும்பங்களைப் பதிவு செய்யவும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரையறுக்கவும் சட்டம் வந்தது. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று போகும் பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும்? ரோல்ட் சந்தித்த காலத்திலும் படகுக்காரர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. பாலத்தின் வளைவு, சுவரில் கயிறு அறுத்த தடம், லாக்கின் நீர் விழும் ஓசை இவற்றை வைத்து இடமறிந்து போனவர்கள் அவர்கள். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுதாக ஏறவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மாடி வீட்டில் இருக்கிறார்கள், பள்ளிக்குப் போனார்கள். இந்த இழப்பையும் இந்த லாபத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

‘நேரோ போட்’ புத்தகத்தைப் படித்த ராபர்ட் ஏய்க்மன் என்பவர் ரோல்டுக்குக் கடிதம் எழுதினார். 1945-ல் டார்டெபிக்கில் நின்ற கிரெஸ்ஸியில் இருவரும் சந்தித்தார்கள். மறு ஆண்டு, கால்வாய்களைக் காக்க உள்நாட்டு நீர்வழிகள் சங்கம் பிறந்தது. 1947 மே மாதம் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் லிஃபர்ட் லேன் பாலத்தை அதன் உரிமையாளரான ரயில்வே நிறுவனம் படகு போக முடியாதபடி தாழ்வாக அமைத்திருந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. முன்னறிவிப்புக் கொடுத்தால் பாலத்தைத் தூக்கித் தருவோம் என்று பதில் வந்தது. ரோல்ட் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கிரெஸ்ஸியோடு போய் நின்றார். தொழிலாளர்கள் வந்து ஜாக்கி வைத்துப் பாலத்தை உயர்த்தினார்கள். படகு போனது. வழக்கொழிந்தது என்று எல்லாரும் நினைத்திருந்த உரிமை உயிரோடு இருப்பதை அது காட்டியது.

பிறகு நண்பர்கள் பிரிந்தார்கள். எல்லாக் கால்வாயையும் ஒன்றுவிடாமல் மீட்க வேண்டும் என்றார் ஏய்க்மன். சரக்குப் படகுகள் இன்னும் ஓடுகிற கால்வாய்களையும், அவற்றை நம்பி வாழும் குடும்பங்களையும் முதலில் காப்பாற்றுவோம் என்பது ரோல்டின் வாதம். 1951-ல் சங்கத்திலிருந்து அவர் நீக்கப்பட்டார். அதே ஆண்டு மணவாழ்வும் முடிந்தது. ஏஞ்செலா பில்லி ஸ்மார்ட் சர்க்கஸில் சேர்ந்து ஊர் ஊராகப் போகும் வாழ்க்கையைத் தொடர்ந்தார். உளுத்துப்போன கிரெஸ்ஸியை ரோல்ட் கைவிட வேண்டியதாயிற்று. வேல்ஸின் தாலிலின் ரயில்பாதையைத் தொண்டர்களைக் கொண்டு காப்பாற்றும் வேலையில் அவர் இறங்கினார்.

காலம் இருவருக்கும் பாதிப் பாதியாகத் தீர்ப்புச் சொன்னது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. சிக்கிய படகுகளின் சரக்கு லாரிக்குப் போனது, பிறகு திரும்பவில்லை. அதர்ஸ்டனிலிருந்து லண்டன் சௌதாலின் ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன கடைசித் தொடர் ஓட்டமும் 1970-ல் நின்றது. ரோல்ட் அஞ்சியபடி படகுக் குடும்பங்கள் கரையேறிவிட்டன. ஏய்க்மன் கேட்ட கால்வாய்களோ ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன: 1964-ல் தெற்கு ஸ்ட்ராட்ஃபோர்டு, 1990-ல் கென்னட்–ஏவன், 2001-ல் ஹடர்ஸ்ஃபீல்டு நேரோ. தொண்டர்கள் விடுமுறை நாட்களில் சேற்றில் இறங்கித் தூர்வாரினார்கள். தெற்கு ஸ்ட்ராட்ஃபோர்டில் சிறைக் கைதிகளும் வேலை செய்தார்கள். ஹடர்ஸ்ஃபீல்டு நேரோவில் மூன்று மைலுக்கு மேல் நீளமுள்ள ஸ்டான்டெட்ஜ் சுரங்கம்கூட மறுபடி படகுக்குத் திறந்தது.

இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதி, சுமார் 2,000 மைல், 2012 முதல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. 30,000-க்கும் அதிகமான படகுகள் உரிமம் பெற்றுள்ளன. தொழிற்புரட்சியின் உச்சத்தில்கூட இத்தனை படகுகள் இல்லை என்கிறார்கள். கரி மிதந்த தண்ணீரில் மீன்கொத்தி பாய்கிறது. குதிரை நடந்த பாதையில் சைக்கிள் போகிறது. ரோல்ட் தம்பதியைக் கரையில் நின்றவர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். படகில் குடியிருக்கும் தம்பதி இப்போது யாருக்கும் அதிசயமில்லை.

படகு நிறுத்த நிலையான துறையில்லாமல் படகிலேயே வாழ்கிறவர் தகுந்த காரணமின்றி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்கிறது 1995-ன் சட்டம். சரக்கு இழுத்துக்கொண்டு போன இடத்தில் இப்போது சட்டம் விரட்டிக்கொண்டு போகிறது. லண்டனில் வீட்டு வாடகை தாங்காமல் படகேறிய இளம் தம்பதிகளுக்குப் பள்ளி, மருத்துவர், வேலை மூன்றும் ஒரே பக்கம் இருக்க, படகை மட்டும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் இப்படித் துறையில்லாதவர்களிடம் உரிமக் கட்டணத்தோடு கூடுதல் தொகையும் வாங்குகிறார்கள். 2027-க்குப் பிறகு அரசின் மானியம் ஆண்டுக்கு ஆண்டு குறையப் போகிறது. இருநூறு ஆண்டுப் பழைய கரைகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்பது நியாயம்தான். 2019-ல் டாட்புரூக் அணை சேதமடைந்தபோது ஓர் ஊர் மக்களில் பலரை வெளியேற்ற வேண்டி வந்ததை அங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தை முதலில் யாரிடம் கேட்பது என்பதில் நான் ரோல்டின் பக்கம். வாரக் கடைசியில் வந்துபோகிறவர் கட்டிவிடுவார். தண்ணீரிலேயே குடியிருப்பவரிடம் கடைசியாகக் கேட்கலாம்.