தானே கழன்று தானே பூட்டும் கடையாணி

2020 அக்டோபரில் சீனாவின் சாங்சுன் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. மணிக்கு 400 கி.மீ. வேகத்துக்கென வடிவமைத்த மின்சார ரயில் ஒன்றை அங்கே காட்சிக்கு வைத்தார்கள். ஓட்டத்திலேயே சக்கரங்களின் இடைவெளியை மாற்றிக்கொண்டு, ஓர் அகலத் தண்டவாளத்திலிருந்து வேறோர் அகலத் தண்டவாளத்துக்கு அது போய்விடும் என்றார்கள். இரண்டு தகவல்களும் தனித்தனியே இருந்தால் குழப்பமில்லை. ஒரே மூச்சில் படித்தால், 400 கி.மீ. வேகத்தில் பறக்கும்போதே சக்கரம் நகர்வதாக ஒரு காட்சி மனதில் எழுகிறது. அப்படி எங்கும் நடப்பதில்லை. இந்த வேலையைப் பல ஆண்டுகளாக அன்றாடம் செய்துவரும் ஸ்பெயின் ரயில்கள் அகலம் மாறும் இடத்தைக் கடக்கும் வேகம் மணிக்குச் சுமார் 15 கி.மீ.தான்.

வேகத்தை உள்ளபடி சொன்னால் அதிசயம் குறைந்துவிடும் என்று செய்தி எழுதியவர்கள் பயந்தார்களோ என்னவோ. அந்த 15 கி.மீ. ஊர்தலில் நடப்பதை அறிந்தால் 400 என்ற எண்ணே தேவைப்படாது.

ஸ்பெயினின் பழைய ரயில் பாதைகளின் அகலம் 1,668 மி.மீ. மாட்ரிட்–செவில் தொடங்கி 1992 முதல் வந்த அதிவேகப் பாதைகளின் அகலம், ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளைப் போல 1,435 மி.மீ. வித்தியாசம் 233 மி.மீ. அதாவது ஒவ்வொரு சக்கரமும் 116.5 மி.மீ. உள்ளே வர வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும்.

இப்படி இரண்டு அகலம் ஏன் என்ற வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1844இல் அரசுப் பொறியாளர்கள் கொடுத்த அறிக்கை ஆறு காஸ்டீலிய அடி அகலத்தைப் பரிந்துரைத்தது. பிரெஞ்சுப் படை ரயிலேறி வந்துவிடாமல் தடுக்கத்தான் என்று ஒரு கதை உண்டு. அறிக்கையின் கவலையோ கொதிகலனைப் பற்றியது: மலை ஏறப் பெரிய எஞ்சின் வேண்டும், பெரிய எஞ்சினுக்கு இடம் வேண்டும். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் எல்லையில் பயணிகள் இறங்கி ஏறினார்கள். 1969இல் பார்சிலோனாவிலிருந்து ஜெனீவாவுக்குப் புறப்பட்ட தால்கோ நிறுவனத்தின் ரயில், பயணிகளை இறக்காமலே எல்லையைக் கடந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். சாதாரண ரயிலில் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்டு, அச்சோடு சேர்ந்தே சுழலும். தால்கோ பெட்டியில் இடது சக்கரம் வேறு, வலது சக்கரம் வேறு. இரண்டையும் கோக்கும் சுழல் அச்சு கிடையாது. நம் மாட்டுவண்டியும் அப்படித்தானே? அச்சு அசையாது, சக்கரம் மட்டும் சுழலும், கழன்று போகாமல் கடையாணி காக்கும்.

வண்டிப்பாதை ஓரிடத்தில் குறுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்காரர் என்ன செய்வார்? மாட்டை அவிழ்ப்பார், மூட்டைகளை இறக்குவார், வண்டியைத் தூக்கி முட்டுக் கொடுப்பார், கடையாணியைப் பிடுங்குவார், சக்கரத்தை உள்ளே தள்ளுவார், மறுபடி ஆணி அடிப்பார். அரை நாள் வேலை. இப்போது மாட்டை அவிழ்க்காமலே இதைச் செய்து பார்ப்போம். பாதையின் இருபுறமும் இரண்டு குட்டைச் சுவர்கள். மாடுகள் நடக்க நடக்க வண்டியின் பார் அந்தச் சுவர்கள்மேல் ஏறி அமர்கிறது. சுவரில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பதால் வழுக்கிக்கொண்டே போகிறது. பாரம் சுவருக்குப் போய்விட்டதால் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. கடையாணியின் தலை கீழே நீட்டியிருக்கிறது. தரையில் பதித்த இரும்புக் காடி அதைக் கவ்விக் கீழே இழுக்கிறது. ஆணி விட்டதும், சாய்வாக வைத்த இரு மரச் சட்டங்கள் சக்கரத்தை உள்ளே ஒதுக்குகின்றன. காடி மேலேறுகிறது, ஆணி தன் புது இடத்தில் போய் உட்காருகிறது. சுவர் முடிகிறது, சக்கரம் தரையைத் தொடுகிறது. மூட்டைமேல் படுத்திருக்கும் தாத்தா இன்னும் தூங்குகிறார்.

இதில் ஒரு படியும் கற்பனை இல்லை. சுவர் என்று சொன்னவை, பெட்டியைத் தாங்கும் சறுக்குத் தண்டவாளங்கள். அவற்றின்மேல் நிஜமாகவே தண்ணீர் பாய்கிறது. கடையாணி என்பது T வடிவத் தலை கொண்ட பூட்டு. மரச் சட்டங்களின் இடத்தில் எஃகு வழிகாட்டிகள். பூட்டைத் திறக்கவோ சக்கரத்தைத் தள்ளவோ தனி மோட்டார் கிடையாது. ரயில் முன்னேறும் இயக்கமே அத்தனை வேலைகளையும் செய்கிறது. எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை முழுவதும் அந்த இரும்புத் துண்டுகளின் வடிவத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ரயிலின் முன்பாதி ஓர் அகலத்திலும் பின்பாதி வேறோர் அகலத்திலும் நிற்காமல் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாக ரயில் பொறியியலில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

வேகத்தைக் கூட்டினால் என்ன? வழிகாட்டியின் நீளம் மாறாது. வேகம் பத்து மடங்கானால், சக்கரம் பக்கவாட்டில் நகரக் கிடைக்கும் நேரம் பத்தில் ஒரு பங்கு. பக்கவாட்டு முடுக்கம் நூறு மடங்கு. அந்த அடியைத் தாங்கும் பூட்டு வேண்டும். பனிக்காலத்தில் பூட்டுகளில் உறைந்த பனியை வெந்நீர் பீய்ச்சிக் கரைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் 15 கி.மீ. நியாயமான வேகம்தான்.

மாட்டுவண்டியில் இழுப்பது மாடு, சக்கரம் சும்மா உருளும். சக்கரமே இழுக்க வேண்டும் என்றால்தான் சங்கடம். மோட்டாரின் முறுக்குவிசையை வாங்கும் சக்கரம், தேவைப்படும்போது நகரவும் வேண்டும், மற்ற நேரமெல்லாம் மயிரிழையும் அசையக் கூடாது. அதனால்தான் பல காலம் பெட்டிகள் மட்டும் அகலம் மாறின. எஞ்சினைக் கழற்றி வேறு எஞ்சின் பூட்டினார்கள். 2006–07 வாக்கில்தான் இழுக்கும் சக்கரங்களும் நகரக்கூடிய, 250 கி.மீ. வேக மின்சார ரயில்கள் ஸ்பெயினில் ஓடத் தொடங்கின. புதிய பாதையில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம், பழைய பாதையில் 3,000 வோல்ட் நேர்திசை மின்சாரம். இரண்டையும் அவை ஏற்கும்.

ஜப்பான் இங்கேதான் தோற்றது. அங்கே பழைய பாதை 1,067 மி.மீ., அதிவேகப் பாதையான ஷின்கான்சென் 1,435. ஒவ்வொரு சக்கரமும் 184 மி.மீ. நகர வேண்டும், குறுகிய பாதையில் சக்கரங்களுக்கு நடுவே மோட்டாருக்குக் கிடைக்கும் இடமும் குறைவு. 2014இல் மூன்றாம் தலைமுறைச் சோதனை ரயில் சுமார் 30,000 கி.மீ. ஓடியதும், அச்சுப் பகுதியின் பேரிங்கில் தேய்மானம் தெரிந்தது. சாதாரண ஷின்கான்சென்னைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு செலவாகும் என்ற கணக்கும் சேர்ந்தது. 2017இல் கியூஷு ரயில்வே நாகசாகி பாதைக்கான இந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இன்று நாகசாகி போகிறவர்கள் தகேயோ ஒன்சென் நிலையத்தில் எதிர்ப்புறம் நிற்கும் ரயிலுக்கு மாறுகிறார்கள். உலகின் மிகத் தேர்ந்த ரயில் பொறியாளர்களை ஒரு பேரிங் நிறுத்தியது. ஆகவே எந்த நாட்டில் எந்த மாதிரி ரயில் காட்சிக்கு வந்தாலும் நான் தேடுவது வேக எண்ணை அல்ல. எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த அச்சைப் பிரித்துப் பார்த்தார்கள் என்பதை.

ஸ்பெயினுக்கு இதனால் கிடைத்தது என்ன என்பதற்கு மலாகா போதும். அந்த ஊருக்கு அதிவேகப் பாதை வந்தது 2007 இறுதியில். ஆனால் 1993 முதலே தால்கோ ரயில்கள் கோர்தோபா வரை புதிய பாதையில் விரைந்து, அங்கே அகலம் மாறி, பழைய பாதையில் மலாகா போய்ச் சேர்ந்தன. தண்டவாளம் வருவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே பயணிகளுக்கு நேரம் மிச்சமானது.

நம் நாட்டுக்கு வந்தால், மும்பை–அகமதாபாத் அதிவேகப் பாதையின் அகலம் 1,435 மி.மீ. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. இப்போதைய திட்டப்படி அந்த அதிவேகப் பாதையின் ரயில் அகமதாபாத்தைத் தாண்டி நம் பழைய பாதையில் ஒரு மீட்டரும் ஓடாது. இங்கே அகலம் மாறும் ரயில் வேண்டுமென்றால், நடைமேடை உயரம், பெட்டியின் அகலம், சரக்கு ரயில்களோடு பங்கிடும் பாதை என்று தீர்க்க வேண்டியவை நிறைய. சக்கரம் நகர வேண்டிய தூரம் மட்டும் 120.5 மி.மீ.: ஸ்பெயினைவிட 4 மி.மீ. அதிகம்.