ஊர் மண்ணும் ஒரு சிறு புழுவும்

எங்களில் பலர் ஊரில் வளவிலும் வயலிலும் வெறுங்காலுடன் திரிந்து வளர்ந்தவர்கள். பூச்சி மருந்து குடித்ததும் நினைவிருக்கும். ஆனால் அந்த மருந்துக்கு இலகுவில் மசியாத புழு ஒன்று உண்டு. புவாண்ட்-கிளேரில் முப்பது பனிக்காலம் கழித்த பின்னும் அது எங்கள் குடலில் உயிரோடு இருக்கலாம். அதன் பெயர் ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ்.

பெண் புழுவின் நீளம் சுமார் 2 மில்லிமீற்றர். மலம் கலந்த மண்ணில் இருக்கும் இளம்புழுக்கள் பாதத்தின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாகச் சிறுகுடலை அடைகின்றன. பெரும்பாலான குடற்புழுக்கள் சில ஆண்டுகளில் இறந்துவிடும். இதுவோ உடலுக்குள்ளேயே பெருகி, மீண்டும் மீண்டும் தொற்றிக்கொள்ளும். 1942-43இல் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட சயாம் மரண ரயில்பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் சிலரிடம், 30 ஆண்டுகள் கழிந்தும் இப்புழு இருந்தது.

ஆபத்து எப்போது?

பலருக்கு எந்த அறிகுறியும் இராது. சிலருக்கு வயிற்று வலி, தோலில் அரிப்பு வரும். ஆனால் ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு பிரெட்னிசோன் முதலிய ஸ்டீராய்டு குளிசைகள் எடுக்கும்போது உடலின் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அப்போது புழுக்கள் கட்டின்றிப் பெருகி நுரையீரல், மூளை வரை பரவலாம். குடல் கிருமிகளையும் கூடவே கொண்டு செல்லும். இது உயிரைப் பறிக்கக்கூடியது. 2020இல் கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெதசோன் கொடுக்கத் தொடங்கியபோதும் மருத்துவ ஆய்வாளர்கள் இந்த எச்சரிக்கையை விடுத்தார்கள்.

நாம் செய்யவேண்டியவை

* ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து அல்லது உறுப்பு மாற்றுச் சிகிச்சை தொடங்குமுன், எந்த நாட்டில் வளர்ந்தோம் என்பதை வைத்தியரிடம் சொல்வோம்.
* மலப் பரிசோதனையில் இப்புழு பலவேளை அகப்படாது. எனவே இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்போம்.
* ஏற்கனவே எடுக்கும் குளிசையை நாமாக நிறுத்தக் கூடாது.

புழு இருப்பது தெரிந்தால் ஐவர்மெக்டின் ஓரிரு தடவை கொடுத்தாலே பெரும்பாலும் குணமாகும். அம்மருந்தைத் தந்த கண்டுபிடிப்புக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. எமக்கு அயலில், சென்ற்-ஆன்-டி-பெல்வியூவில், 1932இல் தொடங்கிய மக்கில் பல்கலைக்கழக ஒட்டுண்ணியியல் நிறுவனம் இத்தகைய புழுக்களை ஆராய்ந்து வருகிறது.

வீட்டில் அம்மா, அப்பா, மாமி ஆகியோரின் மருந்துப் பட்டியலை இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுவோம்.