தமிழ்நாட்டில் குழிப்பந்தாட்டத் திடல்கள்

குழிப்பந்தாட்டம் எனப்படும் கோல்ஃப் விளையாட்டுக்குத் தமிழ்நாட்டில் உள்ள திடல்கள் பெரும்பாலும் மன்றங்களுக்கு உரியவை. சென்னை நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் திடல் உள்ளது. ஜிம்கானா கிளப்பினர் ஆடிவந்த கிண்டி குதிரைப்பந்தய மைதானத்தின் குத்தகையை அரசு 2024 இல் ரத்து செய்தது. கொடுங்கையூர், எண்ணூர் பக்கம் திடலே கிடையாது. கோவை செட்டிப்பாளையம், உதகை, வெலிங்டன், கொடைக்கானல் ஆகிய இடங்களிலும் திடல்கள் உள்ளன. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895 இல் தொடங்கப்பட்டது.

தில்லி வளர்ச்சி ஆணையத்தின் குதுப் திடலில் உறுப்பினராகாமலே எவரும் பணம் கட்டி ஆடலாம். அத்தகைய பொதுத்திடல் வடசென்னை மாணவர்களுக்கும் வேண்டும்.

மன்றத் திடல்களில் வெளியாரை அனுமதித்தால் 'கிரீன் ஃபீ' எனும் ஒருநாள் கட்டணம் உண்டு. மட்டை வாடகை, பை சுமக்கும் கேடியின் கூலி ஆகியவை தனி, முன்னரே கேட்டறிக. வார நாட்களில் கட்டணம் பொதுவாகக் குறைவு. சமவெளிக் கோடையில் வெயில் ஏறுமுன் ஆடி முடிப்பது நலம்.