எந்த ஊர் வெயில் மிகக் கடுமையானது?

சித்திரை பிறந்துவிட்டால் எந்த ஊர் வெயில் கொடியது என்ற பேச்சு எழுகிறது. வேலூர் என்பர் சிலர். கரூர் பரமத்தி என்பர் சிலர். 2024 ஏப்ரலில் 42 டிகிரி செல்சியஸைக் கடந்த நம் ஈரோடும் இப்பேச்சில் தவறாமல் இடம்பெறுகிறது. ஆயினும் உடல்நல நோக்கில், வெப்பமானி காட்டும் அளவு மட்டுமே இதற்கு விடையாகாது.

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாகும்போது, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள எஞ்சியிருக்கும் வழி வியர்வை ஆவியாதல் ஒன்றே. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது, உடல் குளிர்வதில்லை.

ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவாயிற்று. அங்கு வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும். தாகம் உணரும் முன்பே உடலின் நீர் குறைந்துவிடுவது அங்குள்ள ஆபத்து. சென்னையில் வெப்பம் அதைவிட மிகக் குறைவு. எனினும் கடலோர ஈரத்தால் இரவிலும் புழுக்கம் தணிவதில்லை. பாகிஸ்தானின் ஜேகோபாபாத்தில் கடும் வெப்பமும் ஈரமும் ஒருங்கே சேர்கின்றன. உடலுக்கு மிகக் கொடியது இச்சேர்க்கையே.

சத்தியமங்கலத்தில் வேறொரு சிக்கல் உண்டு. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஆசனூரும் தாளவாடியும் குளிர்ந்திருக்க, மலையடிவாரத்தில் வெயில் கொளுத்துகிறது. புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். எனவே, மலையிலிருந்து சிகிச்சைக்காக இறங்கி வருவோருக்கும் துணைக்குத் தங்குவோருக்கும் இவ்வூர் வெயில் கூடுதல் கடுமையானது. முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், சிறுநீர் பிரிவதற்கான மாத்திரை உட்கொள்வோர் ஆகியோரும் எளிதில் பாதிக்கப்படுவர்.

முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெயிலில் பயணம் செய்வதைத் தவிர்க்க வேண்டுகிறோம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீரும் மோரும் பருகுவது நன்று. ஆனால் சிறுநீரக நோயாளிகளும், நீரின் அளவைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டோரும் எவ்வளவு பருகலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். பொட்டாசியம் மிகுந்த இளநீர் சிறுநீரக நோயாளிகளுக்குத் தீங்காகலாம். எம்மாத்திரையையும் தாமாக நிறுத்தலாகாது.

கடும் வெயிலில் ஒருவர் உளறினாலோ, மயங்கினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்காக இருக்கலாம். வியர்வை வருகிறதே என்று அலட்சியம் கொள்ளலாகாது. உடனே 108-ஐ அழையுங்கள். நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும். ஆம்புலன்ஸ் வரும்வரை உடலைக் குளிர்விப்பதை நிறுத்த வேண்டா.