விளையாட்டும் விவாகமும்

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அன்று தொடங்கிச் சிவகாசியின் முகம் மாறிற்று. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத்தொழிலும் வேரூன்ற, வானம் பார்த்த பூமியில் கைக்கு வேலை கிடைத்தது. அதனோடு வேறொன்றும் வந்தது. அதைப் பற்றி நம் குடும்பங்களில் பேசுவதில்லை. ஊர் ஊராக ஆலை வண்டிகள் வந்து ஆண்களையும் பெண்களையும் ஏற்றிச் செல்ல, பெற்றோர் அறியாத அறிமுகங்கள் தோன்றின. இன்று அவை கைபேசிக்குள் குடியேறிவிட்டன.

இளைஞரும் இளம்பெண்களும் பழகுவதே தவறு என்பது நம் கருத்தன்று. பழக்கத்திற்குள் புகுந்துவிட்ட விளையாட்டே நம் கவலை. செய்தியைக் கண்டும் காணாததுபோல் ஒரு நாள் இருப்பது, ஏங்க வைத்தால் மதிப்புக் கூடும் என்று எண்ணுவது, ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டே மற்றொருவரைப் பார்ப்பது, கேட்டால் 'டைம் பாஸ்' என்று சிரிப்பது ஆகியவற்றையே சொல்கிறோம். வெடிமருந்து அறைக்குள் கைபேசி கூடாது. ஆகவே பட்டாசு ஆலையில் பணிபுரியும் பெண்ணின் மறுமொழி மாலையில்தான் வரும். விளையாடிப் பழகியவனோ அதையும் ஓர் ஆட்டமாகவே எண்ணுவான். பொய்யில் பழகியவனுக்கு மெய்யையும் நம்ப முடியாமற் போவது பெருந் தண்டனையன்றோ!

இவற்றையெல்லாம் விடக் கொடியது ஒன்றுண்டு. தன் வீட்டார் வேறு சாதிப் பெண்ணை ஒருகாலும் ஏற்கமாட்டார்கள் என்பதும், தான் அவர்களை எதிர்த்து நிற்கப்போவதில்லை என்பதும் ஓர் இளைஞனுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் இரண்டாண்டு, மூன்றாண்டு பழகுகிறான். பின்னர், "அம்மா அழுகிறாள், நான் என்ன செய்வேன்?" என்று விலகுகிறான். அம்மாவின் கண்ணீர் புதிதன்று. சொல்லாமல் மறைத்ததே புதிது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் குடும்பங்களுக்கிடையிலும் இது நடக்கிறது என்பதை வெட்கத்துடன் எழுதுகிறோம்.

இது நம் காலத்து நோய் மட்டுமன்று. களவு, கற்பு என்று காதல் வாழ்வை இரண்டாகப் பகுத்த தொல்காப்பியம், பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே பெரியோர் மணச் சடங்கை வகுத்தனர் என்று கற்பியலில் கூறுகிறது. செய்ததை மறைப்பது பொய்; செய்ததில் இறுதிவரை நில்லாமல் தப்பி ஒழுகுவது வழு என்பர் உரைகாரர். ஆலை வண்டியும் கைபேசியும் இல்லாத காலத்திலேயே இவ்விரண்டும் இருந்திருக்கின்றன.

திருச்சபையும் இதே துயரத்தைக் கண்டது. ஒருத்தியை மறைவில் மணந்து, பின் அவளைக் கைவிட்டு மற்றொருத்தியைப் பலரறிய மணந்த ஆடவர் பலர். சாட்சியில்லாததால் முதற்பெண்ணின் வழக்கு எடுபடவில்லை. இக்கேட்டைத் தடுக்கவே 1563-இல் திரெந்து பொதுச்சங்கம், பங்குக்குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னிற்க வேண்டும் என்றும், மூன்று திருநாட்களில் முன்னறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. கோவிலில் ஓலை வாசிக்கும்போது செருப்பைத் தேடுகிறோமே, அந்த ஓலையின் பின்னே ஏமாற்றப்பட்ட பெண்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள்!

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இன்னும் ஓர் அடி சென்றது. இல்லற வாழ்வையே பெரிதும் குலைக்கக்கூடிய ஒரு தன்மையை, சம்மதம் பெறுவதற்காக வஞ்சகமாய் மறைத்து நடத்திய திருமணம் செல்லாது என்கிறது அதன் 1098-ஆம் பிரிவு. 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இவ்விதி இல்லை. நாட்டுச் சட்டமும் சும்மா இருக்கவில்லை. மணக்கும் எண்ணமே இல்லாமல் மணப்பதாக வாக்களித்துப் பெண்ணுடன் உறவு கொள்வோருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை என்று, 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவு கூறுகிறது. கொடுத்த வாக்கைப் பின்னர் காப்பாற்ற இயலாமற் போவது வேறு, கொடுக்கும்போதே பொய்யாகக் கொடுப்பது வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாக்கியது. நியாயமான வேறுபாடுதான். ஆயினும் உள்ளத்தில் இருந்ததை நீதிமன்றம் எவ்வாறு அளக்கும்? அது அவனுக்கும் ஆண்டவனுக்குமே தெரியும்.

இளைஞரை மட்டும் குறை சொன்னால் நாமும் விளையாடியவராவோம். பெரியோர் பேசி முடிக்கும் திருமணங்களில் மறைப்பு இல்லையா? வலிப்பு நோயை மறைக்கிறோம். குடிப்பழக்கத்தை "நண்பர்களோடு எப்போதாவது" என்கிறோம். அச்சகத்தில் நாட்கூலிக்கு நிற்பவனை மேலாளர் ஆக்குகிறோம். பங்குக்குரு இருவரையும் தனித்தனியே அழைத்து விசாரிக்கும் முன்பே, என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். மகன் யாரிடம் கற்றான் என்று பிறகு வியப்பதேன்?

விவிலியத்தில் பெண்ணைப் பெற்ற தந்தையர் இருவரைக் காண்கிறோம். லாபான் ஏழாண்டு உழைப்பை வாங்கிக்கொண்டு, ராகேலுக்குப் பதிலாக இருளில் லேயாவை அனுப்பினான். விடிந்தபின் உண்மை தெரிந்தது. யாக்கோபின் சினத்தைப் பற்றிப் பலரும் பேசுவர். விரும்பப்படாத மனைவியாகக் காலமெல்லாம் வாழ்ந்த லேயாவைப் பற்றிப் பேசுவோர் சிலரே. தந்தை ஆடிய ஆட்டத்தில் தோற்றவள் அவளே.

மற்றவன் தோபித்து நூலில் வரும் இரகுவேல். அவன் மகள் சாராவை மணந்த எழுவர் முதலிரவிலேயே மாண்டனர். எட்டாவதாகத் தோபியா வந்தான். நல்ல குடும்பம், நெருங்கிய உறவு. வாய்மூடி இருந்திருந்தால் எந்தத் தந்தையும் இழக்க விரும்பாத சம்பந்தம். ஆனால் இரகுவேல், மணத்தை முடிக்குமுன்னே எழுவர் இறந்ததையும் மறைக்காமல் சொன்னான். தோபியாவோ, இது முடிவாகாமல் உண்ணவும் மாட்டேன் என்றான். அன்றிரவு இரகுவேல் அஞ்சியபடியே பணியாளருடன் சென்று ஒரு குழி வெட்டி வைத்தான். மணமக்கள் உயிருடன் உறங்குவதைப் பணிப்பெண் விளக்கேந்திப் பார்த்து வந்து சொன்னதும், பொழுது விடியுமுன் அந்தக் குழியை மூடச் சொன்னான்.